ஆறு நிமிஷ ரோடு

உடையனேந்தலுக்கும் மெயின்ரோட்டுக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர் இருந்தது. மங்களேஸ்வரியால் ஆறு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பெரிய ஆஸ்பத்திரியில் அளந்து எழுதிய அன்று மத்தியானமே அது நானூற்றுப் பத்து மீட்டராகிவிட்டதும், பிறகு அவள் நடை குறையக் குறைய ரோடும் கூடவே குறைந்துகொண்டு வந்ததும் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். தெரியாத சங்கதி ஒன்று உண்டு, அதைச் சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன். என் பெயர் முத்திருளாயி, அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி, அவள் என்னை மதினி என்று கூப்பிடுவாள், நான் அவளை மங்களம் என்று கூப்பிடுவேன்.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் தோண்டினால் உப்பு, இன்னும் தோண்டினால் இன்னும் உப்பு. நல்ல தண்ணீர் மெயின்ரோட்டுக் குழாயில்தான் வரும், பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் பஸ் நிறுத்தமும் அந்தக் குழாய்க்கு அக்கம்பக்கத்தில்தான் இருந்தன, அதனால் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து நாங்கள் கருவேலங்காட்டுக்கு நடுவே அந்த மணல் ரோட்டில் எட்டுக் குடம் வைத்த தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போவதும் வருவதுமாகத்தான் இருந்தோம். காலையில் இரண்டு நடை, சாயங்காலம் இரண்டு நடை, மாசமாக இருந்தாலும் அதே நடை, பிள்ளை பெற்ற பதினைந்தாம் நாளும் அதே நடை. எனக்கு இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு கர்ப்பப்பை அடியிறங்கிவிட்டது. வண்டியை மேட்டில் தள்ளும்போது அது வெளியே வரும், கருவேல மறைவுக்குப் போய் உள்ளே தள்ளிவிட்டு வந்து மறுபடியும் வண்டியைத் தள்ளுவேன். வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பதினோரு வருஷம் இப்படியே ஓட்டினேன். இடையில் வீட்டுக்கு வீடு குழாய் வைத்துக் கொடுத்தார்கள், திறந்தால் காற்று வந்தது. அந்தக் காற்றையாவது பிடித்து மங்களத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது மகள் கனிஷ்காவுக்கு மூன்று வயது. முதலில் வண்டியை மேட்டில் தள்ளும்போது மட்டும் வாங்கியது, பிறகு ஒற்றைக் குடத்தோடு நடந்தாலே வாங்கியது, பிறகு குனிந்து கோலம் போட்டு நிமிர்ந்தால் கண் இருட்டியது, பிறகு தலைக்குக் குளித்துவிட்டு முடியைத் துவட்டக் கையைத் தூக்கினால் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். பார்க்க ஒன்றும் தெரியாது. உடம்பில் ஒரு காயக்கட்டு இல்லை, காய்ச்சல் இல்லை, கன்னம் பூசினாற்போல் இருந்தது, தலையில் பூ இருந்தது. நோய் என்று காட்ட ஒன்றும் இல்லாதவள் சொல்கிற நோயை யார் நம்புவார்கள்? வீசிங் என்று மூன்று வருஷம் உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார்கள். ரத்தம் இல்லை என்று ஊசி போட்டார்கள். அவள் புருஷன் சேதுராசு கருவேல விறகை எரித்துக் கரியாக்குகிற கரிமூட்டம் போடுகிறவன், புகைதான் காரணமோ என்று மூட்டத்தை ஊருக்கு மேற்கே வெகுதூரம் தள்ளிப் போட்டுப் பார்த்தான். பூசாரி வேப்பிலை அடித்தார். குழாயடிப் பெண்களாகிய நாங்கள் அவளுக்கு வேலைக்கள்ளம் என்று தீர்ப்புச் சொன்னோம். "எட்டுக் கொடத்தப் பாத்தா மட்டும் அவளுக்கு மூச்சு வாங்குதுத்தா" என்று நான்தான் முதலில் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள், அவளும் குடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றாள்.

ஒருநாள் அந்தக் குழாயடியிலேயே விழுந்தாள். உதடு நாவற்பழம் தின்றவள் உதடுபோல் இருந்தது. மூட்டத்தில் தீ இருக்கும்போது சேதுராசு விட்டுவிட்டு வர முடியாது, அதனால் நான் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். செய்த கேலிக்கு அது பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். "நுரையீரலுக்குப் போற ரத்தக்குழாய் எல்லாம் சுருங்கி இறுகிப் போச்சு. அதுக்குள்ள ரத்தத்தத் தள்ளித் தள்ளி இதயத்தோட வலது பக்கம் வீங்கிப் போயிருக்கு."

"எட்டுக் கொடத்த வச்சு வண்டிய மணல்ல தள்றது மாதிரிங்களா?" என்று மங்களம் கேட்டாள்.

"அதேதான். ஆனா நீங்க தூங்கும்போதும் அது தள்ளிக்கிட்டே இருக்கு."

குணமாகுமா என்று கேட்டதற்கு டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. இருக்கிற நாளைக் கொஞ்சம் லேசாக்கலாம், கொஞ்சம் நீட்டலாம் என்றார். இன்னொரு பிள்ளை கூடவே கூடாது, உயிருக்கே ஆபத்து என்றார். பிறகு வராண்டாவில் இரண்டு நாற்காலிக்கு நடுவே முப்பது மீட்டர் அளந்து வைத்திருந்த இடத்தில் அவளை நிறுத்தி, விரலில் ஒரு கிளிப்பை மாட்டி, ஆறு நிமிஷம் போயும் வந்தும் நடக்கச் சொன்னார்கள். நர்சம்மா கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு எண்ணினார். மாறி மாறிப் பதின்மூன்று தடவை அந்த நாற்காலிகளைத் தொட்டாள், பதின்மூன்றாவதில் மணி அடித்தது. முந்நூற்றுத் தொண்ணூறு என்று சீட்டில் எழுதினார்கள்.

சீட்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினால் ஊர் பக்கத்தில் இருந்தது. நடுவில் இருந்த கருவேலங்காடு எங்கே போயிற்று என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை, வெயிலில் அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. மங்களம் நடந்தாள். வீட்டுக்கு ஒரு இருபது மீட்டர் இருக்கும்போது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள், மிச்சத்தை என் தோளில் தொங்கிக்கொண்டு கடந்தாள்.

அன்று சாயங்காலம் வண்டி தள்ளிக்கொண்டு போனவர்கள் எல்லோரும் போன சுருக்கில் திரும்பினார்கள். அதற்கு மறுநாள் ஊரில் முதன்முதலாகப் பெண்கள் மத்தியானத்தில் தூங்கினார்கள். தூங்கி எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் உட்கார்ந்து எழுந்து வந்தார்கள். அளக்க வந்த இன்ஜினியர் டேப்பைப் பிடித்துப் பார்த்தார், நானூற்றுப் பத்து வந்தது. நோட்டில் இரண்டு கிலோமீட்டர் என்று இருந்தது. நோட்டில் உள்ளதுதான் சரி என்று கையெழுத்துப் போட்டு மோர் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த தடவை அவள் முந்நூற்று நாற்பது நடந்தாள், ரோடு முந்நூற்று அறுபதுக்கு வந்தது. அதற்கடுத்து முந்நூறு நடந்தாள், ரோடு முந்நூற்று இருபது. இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தவள் நான்தான். ஆஸ்பத்திரியில் எழுதுகிற நம்பருக்கு மேலே இருபது மீட்டர்தான் எப்போதும் ரோடு என்பதைக் கண்டுபிடித்து, அதை மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாமல் குழாயடியில் சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு ஊர் அவளைக் கொண்டாடியது. குடம் தூக்க விடவில்லை, கூட்டிப் பெருக்க விடவில்லை, மீன் வாங்கினால் நடுத்துண்டு அவளுக்கு வந்தது. தண்ணீர் இல்லாத ஊருக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று எத்தனையோ வருஷமாக அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இறங்கி வந்தார்கள், முடி நரைத்த மாப்பிள்ளைகள் ஏழு பேருக்கு ஒரே தை மாதத்தில் கல்யாணம் நடந்தது, ஏழு ஜோடியும் மங்களம் வாசலில் வந்து விழுந்து கும்பிட்டது. வயசுக்கு வந்ததும் வண்டி தள்ளுவதற்காகப் படிப்பை நிறுத்திவிட்ட பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார்கள். பிள்ளைவலி வந்தவளை நேரத்துக்குப் பஸ் ஏற்றினோம், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இதெல்லாம் நடந்த உண்மை, இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பஞ்சாயத்துத் தலைவர் மெயின்ரோட்டில் வைத்திருந்த தூரப் பலகையை ஒவ்வொரு தடவையும் பெயிண்ட் அடித்து மாற்றிப் பார்த்து அலுத்துப்போய், கடைசியில் கரும்பலகை ஒன்றை வைத்து சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தார்.

மாசத்துக்கு ஒருநாள் நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் பத்துப் பதினைந்து பேர் சும்மா நிற்பதுபோல் நிற்பார்கள். "எத்தனத்தா?" என்று யாராவது மெதுவாகக் கேட்பார்கள். இருநூற்று எழுபது என்பேன். "உச்" என்பார்கள், முகத்தைச் சுருக்கிக்கொள்வார்கள், அப்புறம் ஒவ்வொருவராக ரோட்டைத் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். அவள் சாக வேண்டும் என்று ஒருத்தரும் நினைக்கவில்லை. அவள் தேற வேண்டும் என்று ஒருத்தரும் நேர்ந்துகொள்ளவும் இல்லை.

மாத்திரை வாங்குவது ஒரு தனிக் கூத்து. டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது ஆம்பிளைகள் ரகசியமாக வாங்கிப் போடுகிற மாத்திரை. ரத்தக்குழாயை விரிக்கிற மருந்து, இந்த நோய்க்கும் அதுதான் மருந்து, அவளுக்கு நாளைக்கு மூன்று வேளை. மருந்துக்கடையில் சேதுராசு சீட்டை நீட்டியபோது கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்து, "மூணு வேளையுமா?" என்று சிரித்திருக்கிறார். அதோடு அவன் போகமாட்டேன் என்றுவிட்டான். அப்புறம் நான் போனேன், என்னைப் பார்த்தும் சிரித்தார்கள். "பொம்பளைக்கா?" என்றார்கள். பொம்பளைக்குத்தான், மூச்சு விட என்றேன். இதையும் அவள் தலையில்தான் கட்டினார்கள், சேதுராசைப் பற்றி டீக்கடையில் பேசின பேச்செல்லாம் அவள் காதுக்குத்தான் வந்து சேர்ந்தது.

அவளுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. கனிஷ்கா இரண்டாம் வகுப்பு போய்க்கொண்டிருந்தாள். "எல்லா அம்மாவும் கேட் வரைக்கும் கூட்டியாறாக, நீ மட்டும் ஏம்மா வரமாட்டேங்குற?" என்று அந்தப் பிள்ளை ஒருநாள் கேட்டுவிட்டது. அன்றிலிருந்து மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, யார் தோளையும் பிடிக்காமல், பள்ளிக்கூட கேட் வரைக்கும் நடந்துபோய்விட்டால் போதும் என்று இருந்தாள். மூன்று தடவை முயன்று பார்த்தாள். மூன்று தடவையும் கேட்டுக்கு இருபது மீட்டர் இருக்கும்போது விழுந்தாள், மூன்றாவது தடவை நெற்றி உடைந்து தையல் போட்டோம். ஊருக்கெல்லாம் சுருங்கிக் கொடுத்த ரோடு அவளுக்கு மட்டும் கடைசி இருபது மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது.

நம்பர் இருநூற்று நாற்பதுக்கு வந்தபோது டாக்டரம்மா புதுசாக இன்னொரு மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தார். ஒரு டிரஸ்ட்காரர்கள் அதை இலவசமாகக் கொடுக்கிறார்கள், கொஞ்சம் பேருக்குத்தான் கிடைக்கும், கேட்டு நிற்கிறவர்கள் நிறைய என்றார். அந்த மருந்து அவளுக்குக் கேட்டது. கால் வீக்கம் வடிந்தது, இரண்டு தலையணை வைத்துப் படுத்தவள் ஒன்றோடு படுத்தாள், வாரத்துக்கு இரண்டு நாள் தானே சோறு வடித்தாள், பேசிக்கொண்டே சிரிக்க முடிந்தது. இருநூற்று எண்பது ஆயிற்று, முந்நூற்றுப் பத்து ஆயிற்று, நாலாவது மாசம் முந்நூற்று முப்பது ஆயிற்று.

ரோடு முந்நூற்று ஐம்பதாக நீண்டது. கரும்பலகையில் தலைவர் எழுதிய எண்ணை எல்லோரும் நின்று பார்த்தார்கள். "நல்லாருக்கட்டும்" என்றார்கள், மீன் வாங்கினால் வால்துண்டு வந்தது. ஏழு மருமகள்களில் ஒருத்தி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நூறு மீட்டர் கூடினால் என்ன குடிமுழுகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு கிலோமீட்டர் தள்ளிய நாங்களேதான் அந்த நூறு மீட்டரைத் தள்ள அழுதோம். போகப் போக இன்னும் நீளும், பழைய இடத்துக்கே போய்விடும் என்ற பயம்தான் எங்களைப் பிடித்து ஆட்டியது. நின்றுபோயிருந்த என் அடிவயிற்று வலி திரும்ப வந்தது. கருவேல மறைவுக்கு மறுபடியும் போக ஆரம்பித்தேன்.

அடுத்த மாசம் வராண்டா பெஞ்சில் அவள் முறைக்காக உட்கார்ந்திருந்தபோதுதான் அதைச் சொன்னேன்.

"மங்களம், நீ மெதுவா நடந்தா என்ன?"

"எங்க மதினி?"

"இங்கதான். நர்சம்மா எழுதுற நம்பருதான ரோடு. இன்னைக்கு நீ கொறச்சு நடந்தா ரோடு கொறஞ்சிரும். ஆனா ஒனக்கு மூச்சு மூச்சாவே இருக்கும்ல? கேட் வரைக்கும் பிள்ளைய நீயே கூட்டிட்டுப் போயிரலாம்."

அவள் என்னைப் பார்த்தாள், வராண்டாவைப் பார்த்தாள், அந்த நாற்காலியைப் பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இது ஏன் எனக்கு இத்தன நாளாத் தோணல?" என்றாள். அவளுக்காகத்தான் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாதி அவளுக்காகச் சொன்னது உண்மை. மிச்சப் பாதி எதற்காக என்று என் அடிவயிற்றுக்குத் தெரியும்.

கல்யாணப் பெண் மணவறைக்கு நடப்பதுபோல் அவள் நடந்தாள். நர்சம்மா "முடியலைன்னா நில்லுங்க" என்று இரண்டு தடவை சொன்னார். ஆறு நிமிஷத்தில் நூற்றுத் தொண்ணூறு. டாக்டரம்மா சீட்டையும் எக்கோ படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "எக்கோ நல்லாத்தானே இருக்கு, நடை ஏன் இப்படி விழுந்துச்சு?" என்றார். நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி எனக்குச் சிரிப்பு முட்டியது.

மறுநாள் காலையில் ரோடு இருநூற்றுப் பத்து மீட்டர் இருந்தது. மங்களம் தலை சீவி, கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு, கனிஷ்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஊரே வாசலில் நின்று பார்த்தது. வழக்கமாக விழுகிற இடம் வந்தபோது எங்களுக்கு மூச்சு நின்றது, அவளுக்கு நிற்கவில்லை. தாண்டிப் போனாள். கேட்டைக் கையால் தொட்டாள். பிள்ளை உள்ளே போகாமல் "எங்கம்மா, எங்கம்மா" என்று வாட்ச்மேனிடமும் டீச்சரிடமும் காட்டிக்கொண்டே இருந்தது. அங்கிருந்து குழாயடிக்கு வந்து ஒரு கை தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "நான் பொழச்சுக்கிட்டேன் மதினி" என்றாள். பத்தொன்பது நாள் அப்படி நடந்தாள்.

இருபதாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டிரஸ்ட்காரர்கள் பார்ப்பது அந்த நடை நம்பர் ஒன்றைத்தானாம். மருந்து கேட்காத ஆளுக்குக் கொடுப்பதைக் காத்திருக்கிற இன்னொருவருக்குக் கொடுப்போம் என்று எழுதிவிட்டார்களாம். அந்த மாத்திரை நின்றது. ஒரு வாரத்தில் அவள் கால் வீங்கியது, பத்து நாளில் மறுபடியும் இரண்டு தலையணை வந்தது.

"உண்மையச் சொல்லிருவோம் மதினி" என்றாள் பஸ்ஸில். பேசுவதற்கு நடுவே நடுவே நிறுத்தினாள். "மெதுவாத்தான் நடந்தேன்னு சொன்னா, அவுக திருப்பித் தருவாக. ரோடு கெடக்கு. பிள்ளைய வேற யாராச்சும், கொண்டு விடட்டும். எனக்கு எம்பிள்ளையோட, இன்னுங் கொஞ்ச வருசம் இருக்கணும்."

சொல்லிவிடுவோம் என்றேன். சத்தியமாகச் சொல்வதாகத்தான் இருந்தேன். ஆனால் அன்று காலை பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் எனக்குத் தூக்குச்சட்டியில் இட்லி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். தலைவர் என் பக்கத்தில் வந்து, "பாத்துப் பேசு முத்திருளாயி, ஊரு ஒன்னய நம்பித்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

மங்களத்தை வீல்சேரில் வைத்துப் படமெடுக்கத் தள்ளிக்கொண்டு போயிருந்தபோது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்க கூடவே இருக்கறவங்க, அதான் கேக்கறேன். அன்னைக்கு அந்த டெஸ்ட்ல ஏதாவது தப்பு நடந்துச்சா? கால்ல வலி இருந்துச்சா, வேணும்னே மெதுவா நடந்தாங்களா? அப்படின்னா இப்பவே சொல்லுங்க. நான் தப்பான டெஸ்ட்டுன்னு எழுதி, பழைய நம்பரப் போட்டு அனுப்பறேன். மருந்து திரும்பக் கெடைக்கும்."

பழைய நம்பர் என்றால் முந்நூற்று முப்பது. முந்நூற்று ஐம்பது மீட்டர் ரோடு. மருந்து கிடைத்தால் நானூறு, ஐந்நூறு. எட்டுக் குடம். அந்த அம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இல்லைங்கம்மா," என்றேன், "அவளுக்கு அவ்வளவுதான் முடியுது."

வெளியே வந்து மங்களத்திடம், "சொல்லிட்டேன்த்தா, அவுக ஒத்துக்கல, எழுதுனது எழுதுனதுதானாம்" என்றேன். அவள் என் கையைப் பிடித்து, "நீ என்ன பண்ணுவ மதினி, விடு" என்றாள். இதுதான் தெரியாத சங்கதி. அன்று அவளால் நடக்க முடிந்தது நூற்றுப் பத்து.

அதற்குப் பிறகு பஸ் ஏற அவளால் முடியவில்லை, மாத்திரைக்கு நான் மட்டும் போய் வந்தேன். டெஸ்ட் இல்லாமல் ரோடு நூற்று முப்பதிலேயே நின்றது. ஊருக்கு அது பொறுக்கவில்லை. அவள் உடம்பு எப்படி இருக்கிறதென்று பார்க்க வேண்டாமா என்று மிகுந்த அக்கறையோடு சுகாதார நர்ஸைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், தெருவிலேயே இரண்டு நாற்காலியைப் போட்டார்கள், அவளை எழுப்பி நிறுத்தினார்கள். சேதுராசு குறுக்கே வந்து, "அவள விடுங்கடா, அவள விடுங்க" என்று கத்தினான், நாலு பேர் அவனை அணைத்து ஆறுதல் சொல்லி அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். நாற்பது நடந்தாள். அடுத்த மாசம் வந்தபோது கட்டிலை விட்டு இறங்கவே முடியவில்லை, நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே சைபர் என்று எழுதினார். அன்று முதல் இன்றுவரை ரோடு இருபது மீட்டர்தான். குழாயும் பள்ளிக்கூடமும் அவள் வாசலுக்கு எதிரே வந்து நின்றன, பஸ் திரும்பும்போது அவள் வீட்டு ஓலைவேலியில் உரசியது.

அப்போது டாக்டரம்மா இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். உடம்பில் நீர் கோத்துக்கொண்டு இதயம் தத்தளிக்கிறது, அதனால் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு மேல் கொடுக்கக்கூடாது. காலையில் ஒரு பாட்டிலில் பிடித்து வைத்துவிட்டு அதிலிருந்து மூடி மூடியாகக் கொடுப்பேன். சேதுராசு மூட்டத்துக்குப் போகிற நேரமெல்லாம் நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

அது ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் விடுவதற்குக் கொஞ்ச நேரம் இருந்தது. மங்களம் படுக்க முடியாமல் கட்டிலில் தலையணைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள், குடம் நிறைகிற சத்தம் வீட்டுக்குள் தெளிவாகக் கேட்டது.

"நல்லா வருதா மதினி?"

"வருதுத்தா."

"நெறய வருதா?"

"நெறய வருது."

"எனக்கு ஒரு சொம்பு கொண்டா. நெறச்சுக் கொண்டா."

பாட்டில் காலியாக இருந்தது. "இன்னைக்கு அளவு முடிஞ்சு போச்சே மங்களம். நாளைக்குக் காலைல தாரேன்" என்றேன். டாக்டரம்மா வாயைத் திறந்து கேட்டபோது பொய் சொன்ன நான், அந்த அம்மா சொன்ன இதை மட்டும் மீறவில்லை. அவள் மறுபடி கேட்கவில்லை. உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். மணி அடித்து, பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு வெளியே வந்து, கனிஷ்கா பையைத் தூக்கிக்கொண்டு அந்த இருபது மீட்டரை ஓடி வந்து சேர்வதற்குள் போய்விட்டாள்.

மறுநாள் நீர்மாலை எடுத்தோம். செத்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க மேளத்தோடும் சங்கோடும் வெள்ளைத் துணியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போவது எங்கள் பக்கத்து வழக்கம், பழைய ரோடாக இருந்தால் போய் வர ஒரு மணி நேரம் ஆகும். சங்கு ஊதுகிறவர் ஒரு மூச்சு ஊதி முடிப்பதற்குள் குழாய் வந்துவிட்டது. ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் வந்து நின்றார்கள், ஆறு மருமகள்களும் வந்தார்கள், அம்மா வீட்டுக்குப் போனவளும் திரும்பி வந்திருந்தாள், ஆளுக்கு ஒரு குடம் பிடித்தார்கள், உண்மையாகவே அழுதார்கள். அவளை வாசலில் பெஞ்சில் உட்காரவைத்து ஒருவர் பின் ஒருவராக ஊற்றினார்கள். மதினி முறை என்பதால் என் கையிலும் ஒரு குடத்தைக் கொடுத்தார்கள். விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. ஊற்றினேன். தண்ணீர் தலையிலிருந்து இறங்கி, மூடியிருந்த அவள் உதட்டின் மேல் விழுந்து, இரண்டு பக்கமும் வழிந்து மண்ணுக்குப் போனது.